அம்மா வல்லத்தில், நைனா செஞ்சியில்

ஊரார் வீட்டுப் பெரியவர்களுக்காகப் பரிந்து பேசப் போகிற வேலையில், எல்லா வீட்டிலும் மோர் கிடைக்கும், ஒரு வீட்டிலும் பதில் கிடைக்காது.

சம்பளமில்லாத இந்த வேலையை நான் எண்பதுகளில் சில வருஷம் செஞ்சியில் பார்த்தேன். எங்கள் மாதர் சங்கத்தில் அதுவரைக்கும் கோலப்போட்டியும் ஊறுகாய் வகுப்பும்தான். தலைவி கமலா டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியும் ஓயாதவர். ஒருநாள் எலுமிச்சங்காய் நறுக்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "வீட்டுக்கு ரெண்டு பிள்ளை போதும்னு சர்க்கார் சொல்லுது. நல்லதுதான். நாளைக்கு அந்த ரெண்டும் வேலை தேடி ஓடிட்டா வயசானவங்களை யார் பார்ப்பா? எவளாவது ஒரு பொம்பளைதான் பார்ப்பா. அதனால பொம்பளைங்கதான் இதைப் பேசணும்" என்றார். அன்றோடு ஊறுகாய் வகுப்பு நின்றது.

டீச்சரோடு சேர்ந்துகொண்டது நானும் கதீஜாபீயும். கதீஜாபீ தையல் தைப்பவள், வாய் அவள் மிஷினைவிட வேகம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பெண்ணைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று, பையன் நெய்வேலியில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் அவரும் ஜெபமாலையும்தான். கிளம்பும்போது டீச்சர் விபூதி பூசிக்கொள்வார், கதீஜாபீ 'பிஸ்மில்லா' என்பாள், நான் சிலுவை போட்டுக்கொள்வேன். மூன்று பக்கமும் சொல்லி வைத்துவிட்டுத்தான் போவோம். அப்படிப் போயும் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன். ஊர்க்காரியம் பார்த்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், பாதியிலேயே தலையை ஆட்டுவீர்கள்.

எங்களை யார் என்று நினைத்தார்கள்

கோட்டைக்குப் போகிற சாலையில் முதல் வீடு. அந்தக் காலத்தில் கையில் பையோடு பெண்கள் வீடு வீடாக வந்தால் ஜனங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நாங்கள் மூன்று பேரும் சிரித்த முகமாக நின்றோம். டீச்சர் வகுப்பு எடுக்கிற குரலில், "அம்மா, குடும்பம் சம்பந்தமா உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு ஆபரேசன் பண்ணி இருவது வருசம் ஆவுதும்மா. எதிர் வீட்ல போய்க் கேளுங்க, அவதான் ஏமாத்திக்கினு இருக்கறா."

கிழவர் இல்லாத ஊர்

சரி, வீடு வீடாகப் போனால்தானே இந்த வம்பு என்று பெரியவர்களையே கூட்டத்துக்கு அழைத்தோம். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து, சுண்டல் செய்து வைத்துக் காத்திருந்தோம். ஒருத்தரும் வரவில்லை. காக்கைகள் மட்டும் வந்தன.

சுண்டலை என்ன செய்வது என்று நிற்கும்போது வாசலில் ஒரு தாத்தா போனார். பல் ஒன்றுகூட இல்லை, கையில் தடி. கதீஜாபீ ஓடிப்போய், "தாத்தா, வயசானவங்களுக்குக் கூட்டம் வச்சிருக்கோம், வாங்க" என்றாள். அவர் நின்று, தாழ்வாரத்தை எட்டிப் பார்த்து, அக்கறையாகத் தலையசைத்தார். "நல்ல காரியம். வழியில எவனாவது கெழவன் இருந்தா அனுப்பி வைக்கிறேன், போ."

காலியான வரிசை

ஆஸ்பத்திரி எங்கள் அடுத்த முயற்சி. செஞ்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூன்று மலையும் வாங்கின வெயிலை வட்டியோடு நம் தலையில் இறக்கும். மருந்து வாங்க வருகிற பெரியவர்கள் ஏன் அதில் நிற்க வேண்டும்? வயசானவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டோம். அவர் பேனாவைக்கூட மூடாமல், "அதுக்கென்ன, இன்னிக்கே வச்சிடலாம்" என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்காததால் டீச்சர் தயாரித்து வைத்திருந்த பேச்சு வீணாய்ப் போயிற்று.

வரிசையும் வீணாய்ப் போயிற்று. ஆம்பளையோ பொம்பளையோ, யாரும் அதில் நிற்க மாட்டேன் என்றார்கள். நின்றால் வயசை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? நின்றது இரண்டே பேர், ஒரு அம்மாவும் ஒரு பெரியவரும். அந்த அம்மா பெயர் அஞ்சலை, பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். முட்டிவலியோடு பஸ் படி ஏறி இறங்குவதைப் பார்த்தால் நமக்கே வலிக்கும். கூட நின்ற பெரியவர் முனுசாமி, செஞ்சியிலேயே இருப்பவர். சந்தை நாள் தவறாமல் இருவரும் வருவார்கள். ஆளுக்கொரு காலி பாட்டில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நிற்பார்கள். தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தோம், மேற்கொண்டு கேட்கவில்லை. எங்களுக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறு விஷயம்: பக்கத்து வரிசையிலிருந்து யார் வந்தாலும் இவர்கள் முன்னே விட்டுவிடுவார்கள். "ஏம்மா, உங்களுக்குன்னு வாங்கின வரிசை, நீங்களே விட்டுக்கொடுக்கறீங்களே" என்று நான் அங்கலாய்த்தேன். அஞ்சலையம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "போவட்டும் விடும்மா, எங்களுக்கு இன்னா அவசரம்?"

எங்கள் வெற்றி

அந்தப் பொறுமையைப் பார்த்து எங்கள் மனசு உருகிப்போயிற்று. இந்த முட்டியோடு இந்த அம்மா எதற்கு வல்லத்திலிருந்து அலைய வேண்டும்? வாரம் ஒருநாள் வல்லத்துக்கு நர்சம்மா போகத்தான் போகிறார். அந்த ஊர்ப் பெரியவர்களின் மருந்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினால் என்ன? டாக்டரைப் பார்த்தோம், பெரிய நர்சைப் பார்த்தோம், மறுபடி டாக்டரைப் பார்த்தோம். நான் தினமும் சாயங்காலம் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினேன். காரியம் பலித்தது. நர்சம்மா கையில் மருந்து வாராவாரம் வல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கத்தில் பாயசம் வைத்துக் கொண்டாட ஒரு நாள் குறித்தோம்.

பாயசத்தை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு டிராக்டர் நின்றது. நெல் மூட்டைகளின் மேலிருந்து இரண்டு ஆட்கள் கை கொடுத்து ஒரு வயசான அம்மாவை இறக்கினார்கள். அஞ்சலையம்மாள். நேராக உள்ளே வந்தார். "வல்லத்துக்கு மாத்திரை அனுப்பின மகராசி யாரு?" டீச்சர் பெருமையோடு எழுந்து நின்றார். "நல்லா இருப்பியா நீ?" என்றார் அஞ்சலையம்மாள்.

டீச்சருக்குக் கரண்டி நழுவியது. அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் கூட நின்ற முனுசாமி, தெரிந்தவர் இல்லை, அவர் புருஷன். பிள்ளைகள் இரண்டு பேரும் பாகம் பிரித்தபோது பெற்றவர்களையும் ஆளுக்கு ஒருத்தராக வைத்துக்கொண்டார்கள். நைனா செஞ்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவன் வீட்டில், அம்மா வல்லத்தில் பயிர் வைக்கும் சின்னவன் வீட்டில். சோற்றுக்குக் குறைவில்லை, துணிக்குக் குறைவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க இருந்த ஒரே வழி அந்த ஆஸ்பத்திரி. அதைத்தான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மூடிவிட்டோம்.

"முட்டிவலி எனக்கு எப்பவும்தாம்மா இருக்குது, அதுக்கா பஸ்ஸு ஏறி வந்தேன்?" என்றார். "இப்ப எம் புள்ள சொல்றான், மருந்துதான் வாசலுக்கே வருதே, நீ ஏம்மா அலையறேன்னு. பாசமாத்தான் சொல்றான். அவன்கிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்? பேரன் பேத்தி எடுத்தவ, உங்க நைனாவைப் பாக்கணும்டான்னு வாயால கேப்பாளா?" நான் மாதாவிடம் கேட்டேன், டீச்சர் டாக்டரிடம் கேட்டார். அஞ்சலையம்மாள் அதைத்தான் சொன்னார்: "எம்மாம் யோசனை பண்ணீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வேப்பமரத்தடி

பாயசத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு அவரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அன்றைக்கும் சந்தை நாள். வேப்பமரத்தடியில் முனுசாமி உட்கார்ந்திருந்தார், மடியில் காலி பாட்டில். எங்களைப் பார்த்ததும் கம்பவுண்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. அந்தம்மா வராத வாரமெல்லாம் பெரியவர் காலைல வந்து உக்காருவாரு, வெயில் சாயறப்ப எழுந்து போவாரு. சீட்டும் வாங்க மாட்டாரு" என்றார். அப்புறம் ரகசியம் போலச் சொன்னார்: "ரெண்டு பேரும் மருந்தை வாங்கி அந்த மரத்தடியிலதான் ஊத்திட்டுப் போவாங்க. வேப்பமரத்துக்கு இந்த ஜென்மத்துல இருமல் வராது."

அஞ்சலையம்மாள் மரத்தை நோக்கி மெதுவாக நடந்தார். நாங்கள் பின்னால் நின்றுவிட்டோம். அழுவாரோ, கையைப் பிடித்துக்கொள்வாரோ என்று நான் ஜெபமாலையைப் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். துண்டால் தன் பக்கத்துத் தரையைத் தட்டி இடம் பண்ணினார். "இன்னாடி," என்றார், "பஸ்ஸு லேட்டா?"

என் வீட்டில் கேட்டது

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ரசம் ஊற்றிக்கொண்டு, "நமக்கும் ரெண்டு பிள்ளை. நாளைக்கு ஆளுக்கு ஒருத்தர்னு சொன்னா நீ யார்கிட்ட போவ?" என்று கேட்டார். நான் யோசித்தேன். பெண் வீட்டிலே போய் இருப்பது முறையா, பையனுக்கு வருகிறவள் எப்படியிருப்பாளோ என்று இழுத்தேன். "நீங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "நீ எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போறியோ, அந்தப் பிள்ளைமேலதான் எனக்குப் பாசம் ஜாஸ்தி."

நீங்கள் எந்தச் சங்கம்?

அஞ்சலையம்மாளையும் முனுசாமியையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டோம். "எந்த வூடுன்னாலும் சரி, ஒரே வூடா இருந்தா சரி" என்றார்கள். பெரியவனைச் சைக்கிள் கடையில் பார்த்தோம். பஞ்சர் ஒட்டிக்கொண்டே மரியாதையாகப் பேசினான். "நாங்க யாரையும் குறையா வைக்கலீங்க டீச்சர். ஒரே வூட்டுக்குப் பாரம் ஆவக்கூடாதுன்னுதான் ஆளுக்கு ஒருத்தரா எடுத்துக்கினோம். எங்க ரெண்டு பேருக்குள்ள இதுவரைக்கும் சண்டையே வந்ததில்ல" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. பிள்ளைகளுக்குள் அவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டிருந்தார்கள், பங்கு போடப்பட்டவர்கள் வாயைத் திறக்கவே இடமில்லை. எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அனுப்பினான்.

வீட்டில் அவன் மனைவி சரோஜா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். டீச்சர் பேசினார், நன்றாகவே பேசினார். பெரியவர்களின் மனசு, முதுமையின் தனிமை, சமுதாயத்தின் கடமை. சரோஜா இடுப்புக் குடத்தை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமாவுக்குச் சோறு குழைஞ்சா பிடிக்காது, விறைச்சாலும் பிடிக்காது. காலைல வைக்கிற கொழம்புக்கு ராத்திரி வரைக்கும் பேச்சு. தண்ணி எடுக்கணும், புள்ளைங்களை அனுப்பணும், மல்லாட்டை உடைக்கிற வேலைக்குப் போவணும். இதுல அத்தையும் வந்தா எனக்காகப் பேச யாருங்க வருவா?" கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் நிற்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாதர் சங்கமா, மாமியார் சங்கமா?"

கதீஜாபீயின் யோசனை

மூன்று பேரும் மாமியார் வயசுதான், அது எங்களுக்குத் தைத்துவிட்டது. மறுநாளே நான் மட்டும் போய் சரோஜாவோடு உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, தெரியவும் தெரியாது. கட்டைவிரல் வீங்கினதுதான் மிச்சம். ஆனால் அவள் பேசினாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை யாரும் "உனக்கு இன்னா வேணும்" என்று கேட்டதில்லையாம். "ஒரு மாசம் என் கொழம்பைப் பத்தி யாரும் பேசாம இருந்தா போதும்க்கா" என்றாள்.

இதைக் கேட்ட கதீஜாபீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வழி சொன்னாள். வல்லத்தில் மல்லாட்டை பிடுங்குகிற சமயம் வருகிறது. களத்தில் காயப்போட்டால் காக்கை, ஆடு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். சின்னவன் ஆளுக்கு எங்கே போவான்? அவன் நைனாவையே அனுப்பலாமே. சரோஜாவுக்கு ஒரு மாசம் ஓய்வு, சின்னவனுக்குக் காவல். யாரும் யாருக்கும் உபகாரம் செய்ததாக ஆகாது. "பெரியவங்களை வச்சுக்கங்கன்னு கேட்டா பாரம்னு நினைப்பாங்க. காவலுக்கு ஆள் இருக்குதுன்னு சொல்லிப் பாருங்க, வண்டி கட்டிக்கினு வந்து கூட்டிம்போவாங்க."

காவல்

வண்டி கட்டவில்லை, சின்னவன் சைக்கிளில் வந்து பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போனான். மல்லாட்டை காய்ந்து மூட்டை கட்டும் சமயத்தில் நாங்கள் வல்லத்துக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கூச்சல் கேட்டது. களத்தின் ஓரத்தில் முனுசாமியும் அஞ்சலையம்மாளும் பெரிய சண்டை. "ஆட்டை உள்ள வுட்டுட்டுத் தூங்கறியே, நீயெல்லாம் ஒரு காவக்காரனா?" "நானா தூங்கினேன்? நீ வாய மூடினாத்தானே மனுசன் தூங்கறதுக்கு!" டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போச்சு, சேர்த்துவைத்ததும் தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். நடந்துகொண்டே மாதாவை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

சின்ன மருமகள் ராணி எங்களை வரவேற்று மோர் கொடுத்தாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. "தினமும் இப்படித்தானா?" என்று டீச்சர் பயந்துகொண்டே கேட்டார். "காலைல ஆரம்பிச்சா பொழுது போனப்புறம்தான் ஓய்வாங்க" என்றாள் ராணி. "அப்புறம் ரெண்டு பேரும் ஒரே தட்டுல மல்லாட்டை வச்சுக்கினு உரிச்சு உரிச்சுத் தின்னுவாங்க." சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மாமா வந்ததுலேர்ந்து அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க டீச்சர். எல்லாத் திட்டும் அவருக்கே போயிடுது. மூட்டை கட்டினாலும் அவரை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன்."

சரோஜா கேட்டது

செஞ்சிக்குத் திரும்பினதும் சரோஜாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் மல்லாட்டை உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "மாமா கொழம்பைப் பத்திப் பேசறதில்லையா?" என்றாள். "பேச நேரம் ஏது? அவரைப் பேசவிடாம அஞ்சலையம்மா பேசறாங்க" என்றேன். "அத்தை ராணியைத் திட்டறதே இல்லையா?" "ராணியே சொன்னா." பிறகு கையிலிருந்த தோலைத் தட்டிவிட்டு, நியாயம் கேட்கிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் நடந்ததை வல்லத்திலும் செஞ்சியிலும் எல்லோரும் பார்த்தார்கள். மல்லாட்டை, நெல் வேலை இருக்கிற மாசங்களில் இரண்டு பேரும் வல்லத்தில், மற்ற மாசங்களில் இரண்டு பேரும் செஞ்சியில். ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பஸ்ஸில் இறங்கி, பஸ்ஸிலும் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். அஞ்சலையம்மாள் முட்டிவலிக்கு மெய்யாகவே மருந்து சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கம், அன்றைக்குச் சரோஜா என்னிடம் சொன்ன ஒரே வார்த்தைதான்: "அவ மட்டும் நிம்மதியா இருக்கணுமாக்கா? அடுத்த தபா ரெண்டு பேரையும் எங்க வூட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

அந்தச் சில வருஷம் தெருத்தெருவாக நடந்து நாங்கள் உருப்படியாகச் சாதித்தது, வயசான இரண்டு பேருக்கு நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்ள ஒரே கூரையைப் பிடித்துக் கொடுத்ததுதான், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.